நாயாற்றில் சொன்ன ஓம்

சென்ற செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போவதற்காக வட்டக்கச்சிச் சந்தியில் மினிவானில் ஏறினேன். எனக்கு முன்னால் இருந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி மூக்கருகே பிடித்துக்கொண்டார். பயணத்தில் வயிற்றைப் பிரட்டாமல் இருக்க நீர் செய்த அதே வேலை. அந்த மணம் என்னை எட்டிய வேளையில், வாசலில் நின்ற கொண்டக்டர் "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கத்தினார். உள்ளே இருந்தவர்கள் "ஓம், ஓம், எடுங்கோ" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஐயா, உங்களைத்தான். கால் உள்ளுக்கோ?"

"கால் உள்ளுக்கு இருக்குது" என்றேன்.

"ஓம் எண்டு சொன்னால் காணும் ஐயா, விளக்கம் வேண்டாம்" என்றார் அவர். வான் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கிளினிக்கில் டொக்டர் பிரஷர் கூடியிருக்கிறது என்றார். ஏதும் யோசனையோ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அது பொய். நீர் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருப்பதுதான் யோசனை. நீர் போய் ஒன்பது மாதமாகிறது. இனிச் சொல்லி என்ன பயன் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்ய விரும்புகிறவன் என்பது கலியாணம் கட்டிய நாளிலிருந்து உமக்குத் தெரியும். நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்த காலம் முழுவதும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குளத்து அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் பதிந்தேன். மழை பெய்தாலும் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். ஒருநாள்கூட ஊகித்து எழுதியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு வாயில் மட்டும் ஒழுங்கு கிடையாது. யார் எதைக் கேட்டாலும் முதலில் ஓம் என்றுவிடுவேன். மறுத்துச் சொல்லப் பயம்; "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லக்கூடப் பயம்.

"உங்கட ஓமுக்கு ஒரு அகராதி போடவேணும்" என்பீர். பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் நான் சொல்வது 'காதிலை விழுந்திட்டுது' ஓம். தொலைபேசியில் வரிசையாகச் சொல்வது 'நீ சொல்லிக்கொண்டிரு' ஓம். கூரை ஓடு மாற்ற வேண்டும் என்று நீர் தொடங்கினால் நான் சொல்வது 'கதையை விடு' ஓம். அதுதான் பொல்லாதது என்பீர். உண்மையான ஓமைக் கலியாணத்தன்று ஒருக்கால் கேட்டதாகவும் பிறகு கேட்கவே இல்லை என்றும் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிச் சிரிப்பீர். ஓம் வகைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். சில நாள் மூன்று, சில நாள் ஆறு. மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே ஓம்தான். உமக்கு மட்டும்தான் பிரித்துக் கேட்கத் தெரிந்தது.

சுற்றுலாவுக்கு நம்மை அனுப்பியது உம்முடைய அக்காவின் மகள் பவானி. நமக்குப் பிள்ளைகள் இல்லை. மாதம் ஒருமுறை புளியங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, நம் அலுமாரியைத் திறந்து, மருந்துகளின் திகதியைப் பார்த்து, பழையதைக் கொட்டிவிட்டுப் போகிறவள் அவள்தான். அன்றைக்கும் மருந்துப் போத்தில்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதையைத் தொடங்கினாள்.

"சித்தி, சோடியாப் போறவைக்கு ஒரு கடற்கரைச் சுற்றுலா இருக்குதாம். ஏசி பஸ். கைடு ஒருத்தர் வந்து எல்லாம் விளங்கப்படுத்துவாராம். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய். காலமை வெளிக்கிட்டாப் பின்னேரம் வந்திடலாம்."

"இந்த வயசிலை என்ன சோடி?" என்றீர்.

"ஏன், சோடி முறிஞ்சே போச்சு? சித்தப்பா, நீங்கள் போறியள்தானே?"

நான் பேப்பரில் இருந்தேன். ஓம் என்றேன்.

"அது ஓம் இல்லைப் பிள்ளை. ஆனா நீ பதிஞ்சு விடு" என்றீர்.

அவள் போன பிறகு குசினி வாசலில் நின்று, "அந்தப் பாதையாலை போயிருக்கிறம். சும்மா பாக்கவெண்டு போகேல்லை" என்றீர். நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஆனி மாதம். கிளிநொச்சியில் பஸ் ஏறியபோது சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. பதினெட்டுச் சோடிகள். பாதிப் பேர் நம்மைப் போல ஓய்வூதியக்காரர், மிச்சப்பேர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். கைடு நாற்பது வயது மதிக்கத்தக்கவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொரு சோடிக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார். நாம் ஒன்பதாம் சோடி. நமக்கு முன்னால் எட்டாம் சோடி: பரந்தனில் இரும்புக்கடை வைத்திருக்கிற முதலாளியும் அவருடைய மனைவியும். முதலாளிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஐயா, என்ன எழுதுறியள்?" என்று கைடு என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"பஸ் வெளிக்கிட்ட நேரம். ஆறு இருபத்தேழு."

"எங்கட டிரைவருக்கே தெரியாது! அப்ப நீங்கள்தான் இனி எண்ணிக்கைக்குப் பொறுப்பு. முப்பத்தாறு தலை. ஒவ்வொரு இடத்திலையும் 'எல்லாரும் ஏறியாச்சோ' எண்டு கேப்பன். நீங்கள் சொன்னாத்தான் பஸ் எடுக்கும். சரியோ ஐயா?"

நீர் என் கையைத் தொட்டு, "வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றீர், மெல்ல. நான் அதற்குள் ஓம் என்றுவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றீர் என்று எனக்கு விளங்கியது. விளங்காததுபோல இருந்தேன்.

பரந்தனில் திரும்பி, தருமபுரம் தாண்டிப் போகும்போது நீர் ஜன்னல் திரையை இழுத்து மூடினீர். வெயிலுக்கு என்று சொன்னீர். வெயில் மற்றப் பக்கம் அடித்தது. விசுவமடுவுக்குச் சற்று முன்னால் பாதைக்குக் கீழே ஒரு வாய்க்கால் போகிறது, அதன் மேல் சின்னப் பாலம்போல ஒரு மதகு. பஸ் அதைத் தாண்ட ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. கைடு மைக்கில் ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி கைதட்டினார்.

அந்த மதகடியில் நடந்ததை நீர் அறிவீர். ஆனாலும் நான் அதை ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். கடைசி யுத்தம் நடந்த வருஷம் தை மாதம், சனம் முழுவதும் கிழக்கே போய்க்கொண்டிருந்தபோது, நாமும் உம்முடைய அக்காவும் வேறு இரண்டு குடும்பங்களும் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் போனோம். மதகடியில் இயந்திரம் சூடேறி நின்றது. உமக்குக் காய்ச்சல், வாந்தி. கண்ணை மூடிக்கொண்டு "தண்ணி" என்றீர். அக்கா போத்திலை எடுத்துக்கொண்டு இறங்கி, பக்கத்து ஒழுங்கையில் தெரிந்த கிணற்றுக்குப் போனா. ஷெல் கிட்டவாக விழத் தொடங்கியது. இயந்திரக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "எல்லாரும் ஏறியாச்சோ? இனி நிக்கேலாது" என்று கத்தினார். நான் ஓம் என்றேன்.

உடையார்கட்டில் இறங்கியபோதுதான் "அக்கா எங்கை?" என்று கேட்டீர். "பின்னுக்கு இருக்கிறா எண்டு நினைச்சன்" என்றேன். நீர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினீர். அப்போது இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்: "ஏறினதைக் கண்டனான். தறப்பாளுக்குக் கீழை இருந்தவா. இஞ்சை கிட்டவா மெசின் நிண்ட இடத்திலை இறங்கியிருக்கவேணும்." அடுத்த நாள் வந்த பாதையால் திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. பவானி அப்போது கலியாணம் முடித்து வவுனியாவில் இருந்தாள். எல்லாம் முடிந்து அவளைக் கண்டபோது அவளுக்கும் அதையே சொன்னேன். ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தாயின் படத்தை வைத்துக்கொண்டு உடையார்கட்டிலும் அதற்கு அங்கால் உள்ள ஊர்களிலும்தான் விசாரித்துத் திரிகிறாள். மதகடியில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. இறங்குவதற்கு நான் காரணம் கொடுக்கவில்லை.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது. ஒரு பக்கம் கடல்நீரேரி தகடுபோலக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஒருவர் "என்ன வடிவு" என்றார். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து கடந்த பாலம் அது. அந்த இடத்தில் கைடும் மைக்கை நிறுத்திவிட்டார். அக்கரை போனதும்தான் திரும்பவும் பேசினார்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் இடியப்பமும் சம்பலும் தந்தார்கள். நீர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றீர். முதலாளி தன் மனைவியைத் தண்ணீருக்குள் இழுக்க, அவர் "விசர் மனுசன், விடுங்கோ" என்று சத்தம் போட, நீர் வாய்விட்டுச் சிரித்தீர். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாள் என்று அன்று நினைத்தேன். நான் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி, பிறகு வருகிறவர்களை எண்ணினேன். போதாதென்று நடைபாதையில் கடைசிவரை போய் இன்னொருமுறை எண்ணினேன். முப்பத்தாறு. "ஐயா பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிற பிள்ளையளையும் பிடிச்சிடுவார்" என்றார் முதலாளி.

அதன் பிறகு பெண்கள் எல்லோரும் பின்னுக்குப் போய்க் கதைக்கத் தொடங்கினார்கள். முதலாளியின் மனைவி உம்மையும் கூப்பிட்டார். கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, தேசிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு போனீர். அளம்பில் தாண்டியும் பின்னால் உம்முடைய குரல் கேட்டது. எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர். என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நாயாற்றில் பஸ் அரை மணி நேரம் நின்றது. ஆறு கடலில் விழும் வாய் மணல்மேடு கட்டி அடைபட்டிருந்தது. என் பழைய வேலைப் புத்தி, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு வந்து, மணல்மேட்டின் அகலத்தைக் கண்மட்டத்தில் கணித்துக் கொப்பியில் ஒரு சிறிய படம் கீறிக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஏறினார்கள். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது.

"ஐயா, எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம்" என்றேன். தலையெடுக்கவில்லை. 'காதில் விழுந்துவிட்டது, எண்ணிச் சொல்கிறேன்' என்ற ஓம் அது. எழுந்து எண்ணத்தான் இருந்தேன். ஒரு கோடு மிச்சமிருந்தது. கைடுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? பஸ் வெளிக்கிட்டது. வெளிக்கிட்ட பிறகு நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பதினொரு நிமிடம் கழித்து முதலாளியின் மனைவி கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். "ஐயா, அக்கா எங்கை? உங்களோடை முன்னுக்கு இருக்கிறா எண்டெல்லோ நினைச்சம்."

எழும்பினேன். கைடு முன்னால், ஆறு வரிசை தள்ளி நின்றார். இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அவரிடம் நடந்தேன். நடுவழியில் முதலாளி என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "நிப்பாட்டு! டேய், பஸ்ஸை நிப்பாட்டு!" என்று அவர் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். அந்தச் சொல்லைக்கூட எனக்காக வேறொருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒடுக்கமான பாதையில் பஸ்ஸைத் திருப்ப நேரம் எடுத்தது. நாயாற்றுக்குத் திரும்பி வந்தபோது, கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மேல் நீர் இருந்தீர். கைடு ஓடிப்போய்க் கும்பிட்டார். "அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீங்கள் ஏன் தம்பி மன்னிப்புக் கேக்கிறியள்? ஓம் எண்டு சொன்ன ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றீர், சிரித்தபடி.

"ஐயா, ஊரார் முப்பத்துநாலு பேரையும் பத்திரமாக் கொண்டுபோய், சொந்த மனிசியை விட்டிட்டுப் போற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்கள்?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியாக இருந்தது. வந்ததே வந்தோம் என்று இன்னொருமுறை படம் எடுக்கப் பாலத்தடிக்குப் போனார்கள். நானும் வள்ளத்தின் மேல், உமக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பஸ் போறதைக் கண்டனீரோ?"

"கண்டனான். தாழம்பத்தைக்கு அங்காலை நிண்டன். கையைக் காட்டினன். ஆரும் காணேல்லை. பிறகு கையை இறக்கிப்போட்டன்."

"சத்தம் போட்டிருக்கலாம்."

"பஸ் சத்தத்திலை ஆருக்குக் கேக்கும்?" என்றீர். கையிலிருந்த தேசிக்காயை மடியில் வைத்தீர். "நீங்கள் வருவியள் எண்டு தெரியும். ஆனா வராட்டில் எப்பிடி இருக்கும் எண்டும் இருந்து பாத்தன். அக்காவுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு."

எனக்கு அந்தக் கதையை மாற்ற வேண்டும்போல இருந்தது. "நீர் பின்னுக்கு இருக்கிறீர் எண்டு நினைச்சன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வசனம் என் காதில் விழுந்தது. நீர் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர். எவ்வளவு நேரம் என்று நான் எழுதி வைக்கவில்லை.

"இப்ப சொன்னது உண்மை" என்றீர். "உண்மையா அப்பிடி நினைச்ச ஆளின்ர முகம் இதுதான். உடையார்கட்டிலை இதையேதான் சொன்னனீங்கள். அண்டைக்கு உங்களுக்கு இந்த முகம் இல்லை. எனக்குக் காய்ச்சல்தான். ஆனா பாத்தனான். அது என்ன முகம் எண்டு இத்தனை வருஷமா விளங்காமல் இருந்தது."

நான் மணலைப் பார்த்தேன்.

"அக்கா ஏறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்" என்றேன்.

அது எந்த ஓம்? அன்றிலிருந்து இன்றுவரை இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஆம், தெரியும் என்றேனா? கேட்டது காதில் விழுந்தது என்றேனா? இந்தக் கதையை விடும் என்றேனா? நெஞ்சில் இருந்தது முதலாவது என்று நினைக்கிறேன். வாயில் வந்தது மூன்றாவதாகவும் இருக்கலாம். உலகத்திலேயே பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் நீர் ஒருவர். நீர் எதைக் கேட்டீர் என்று சொல்லவில்லை. பாலத்தடியிலிருந்து "ஒன்பதாம் சோடி, வாங்கோ" என்று கைடு கூப்பிட்டார். நீர் எழும்பிச் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினீர்.

"வாங்கோ. இந்தமுறை என்னை ஏத்திப்போட்டு ஏறுங்கோ."

கொக்கிளாய்க்கும் போனோம். மீன் குழம்போடு சாப்பிட்டோம். முதலாளி பாடினார். நீர் எனக்குப் பக்கத்தில் இருந்தீர், பின்னால் போகவில்லை. வரும் வழியில் அந்த மதகை எப்போது கடந்தோம் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நீர் திரையைத் திறந்து வைத்திருந்தீர்.

அதன் பிறகு நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். நேரத்துக்குத் தேத்தண்ணி தந்தீர். சட்டைப் பொத்தான் தைத்துத் தந்தீர். கோபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் ஓமை வகைபிரித்துப் பகிடி பண்ணுவதை நிறுத்திவிட்டீர். நான் ஓம் என்றால் நீரும் மற்றவர்களைப் போலக் கேட்டுவிட்டுப் போனீர். பவானி வந்தாள், மருந்துத் திகதி பார்த்தாள், உடையார்கட்டுப் பக்கம் ஒரு கிழவி ஏதோ நினைவிருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னாள். நீர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டீர். நான் பேப்பரை விரித்துப் பிடித்தேன்.

ஐப்பசியில் உமக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "பவானியை ஒருக்கா வரச்சொல்லுங்கோ. அவளோடை தனியக் கதைக்கவேணும்" என்றீர். "ஓம்" என்றேன். இதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. இது 'கதையை விடு' ஓம். உமக்குத் தெரிந்ததா, உம்மிடம் மிச்சமிருந்தது ஊகம்தானா என்று எனக்குத் தெரியாது. நீர் சொல்லிவிடுவீரோ என்ற பயம் மட்டும் இருந்தது. அன்று அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையிலும் எடுக்கவில்லை. நீர் இரண்டு முறை வாசலைப் பார்த்தீர். மத்தியானம் நீர் போய்விட்டீர். அதன் பிறகுதான் அவளுக்கு எடுத்தேன்.

"சித்தி என்னைத் தேடினவாவோ?" என்று செத்தவீட்டுக்கு வந்தபோது அவள் கேட்டாள். தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலில் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

அந்த நாளிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. வருவதில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து வந்து கதிரையில் இருந்து, சொல்ல வேண்டியதை ஒரு கடதாசியில் எழுதினேன். மூன்று வசனம். இரண்டு முறை திருத்தினேன். தட்டுத் தடுமாறினால் வேறெதையாவது சொல்லிவிடுவேன் என்று பயம். பிறகு பவானிக்கு எடுத்தேன்.

"சொல்லுங்கோ சித்தப்பா. மருந்து முடிஞ்சுதோ?"

வாசித்தேன். "உன்ர அம்மா மெசினிலை ஏறேல்லை. விசுவமடுவுக்கு இஞ்சாலை மதகடியிலை தண்ணி எடுக்கப் போனவா, போத்திலோடை திரும்பி ஓடி வந்தவா, அதை நான் கண்டனான். கண்டுகொண்டுதான் எல்லாரும் ஏறியாச்செண்டு சொன்னனான்."

அவளுடைய வீட்டில் ஒரு கோழி கத்தியது.

"எவ்வளவு தூரத்திலை வந்தவா?"

"எண்பது அடி இருக்கும்."

"கூப்பிட்டவாவோ?"

"மெசின் சத்தம். வாய் அசைஞ்சது."

"சித்திக்குத் தெரியுமோ?"

"கேட்டவா. நான் சொன்ன பதில் அவாவுக்கு விளங்கினதோ எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. உன்னைக் கூப்பிடச் சொன்னவா. நான் கூப்பிடேல்லை."

"பதினாறு வருஷம் சித்தப்பா" என்றாள். "உடையார்கட்டிலை தட்டாத படலை இல்லை." பிறகு தொலைபேசி அடங்கிவிட்டது.

ஆகவே, நாயாற்றில் நீர் கேட்டதற்குப் பதில் இது. தெரியும். அக்கா ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். நாயாற்றில் தவிர, எண்ணாமல் ஒன்றைச் சொல்கிற ஆள் நான் இல்லை, அன்றைக்கும் எண்ணியிருந்தேன். ஒரு தலை குறைவு என்று தெரிந்து, ஒழுங்கையைப் பார்த்து, அவா ஓடி வருவதையும் பார்த்தேன். "பொறுங்கோ" என்ற ஒரு சொல் போதும். இயந்திரக்காரர் ஏசுவாரோ என்று பயந்தேன். பெட்டியில் இருந்த மற்றவர்கள், குழந்தைகளோடு இருந்தவர்கள், என்னைத் திரும்பிப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். ஷெல்லுக்குப் பயந்தேன் என்று சொன்னால் மன்னிக்க இலகுவாக இருக்கும். அதற்கும் பயந்தேன்தான். ஆனால் முதலில் பயந்தது ஏச்சுக்கு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டு வேறு விதமாக எழுதலாமோ என்றும் யோசித்தேன். அடிக்கவில்லை.

மூன்று நாள் பவானியிடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை எடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பரந்தன் சந்தியிலை நிக்கிறன். மதகைக் காட்டவேணும். கிணற்றையும். அந்தப் பக்கம் திரும்பி வந்து குடியிருக்கிற சனத்திட்டைக் கேக்கவேணும். அவையள் விபரம் கேப்பினம், கண்ட ஆள்தான் சொல்லவேணும். வருவியளோ?"

"வருவன்" என்றேன். "கண்டதைச் சொல்லுவன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் கவனித்தேன். அவள் ஒருமுறைகூட என்னைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. மருந்து முடிந்துவிட்டதோ என்றும் கேட்கவில்லை. அது நியாயம் என்றே நினைக்கிறேன். நாளை அவளுக்குப் பின்னால் அந்த ஒழுங்கையால் நடப்பேன். இயந்திரம் நின்ற இடத்தையும் அக்கா வந்துகொண்டிருந்த இடத்தையும் காட்டுவேன். படலைக்கு வந்து கேட்கிற ஒவ்வொருவருக்கும், அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, கண்டேன் என்று சொல்வேன். நடுவில் வேலி கிடையாது, மரம் கிடையாது. எண்பது அடி.